நோய் திரும்பிய வீட்டில் கணவனின் வேலை

புற்றுநோய் முதல்முறை வரும்போது வீடு நிறைந்துவிடுகிறது. ஊரிலிருந்து அக்கா வந்து சமையலை எடுத்துக்கொள்கிறார். சம்பந்தி வீட்டார் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருகிறார்கள். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கிறது. ஆறாவது கீமோ முடிந்து, தலையில் முடி அரும்பத் தொடங்கியதும் நேர்த்திக்கடனைச் செலுத்தக் குடும்பமே கோயிலுக்குப் போய்வருகிறது. ஒன்றரை ஆண்டு கழித்து ஸ்கேனில் மறுபடியும் ஏதோ தெரியும்போது அத்தனை பேர் வருவதில்லை. அன்பு குறைந்துவிட்டதென்று சொல்ல முடியாது. என்ன பேசுவதென்று யாருக்கும் தெரிவதில்லை. 'எல்லாம் சரியாயிடும்' என்பதை முதல்முறையே சொல்லித் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சுவது கணவன், அல்லது மனைவி.

அப்படி மிஞ்சியவரிடம் ஊர் கேட்பது தைரியத்தை. 'நீயே உடைஞ்சிட்டா அவ என்ன ஆவா?' என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். இந்தத் துறையின் ஆய்வுகளைப் படித்தால் வேறொரு வேலைதான் மேலே வருகிறது: உடம்பில் நடப்பதைக் கவனிப்பது, குறித்துவைப்பது, உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்வது. யாரும் பாராட்டாத எழுத்தர் வேலை. ஆனால் அதன் பலனை நோயாளி உயிரோடிருக்கும் மாதங்களாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இதைப் பேசச் சினைப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொள்கிறேன். திரும்பி வருவதையே தன் இயல்பாகக் கொண்ட நோய் அது. வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும் உணர்வு, அடிக்கடி சிறுநீர் என்று தொடங்குவதால் பலர் மாதக்கணக்கில் வாயு மாத்திரை சாப்பிடுகிறார்கள். கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை, கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகள், வழக்கமாக ஆறு சுற்று. பெரும்பாலோருக்கு நோய் நன்றாகவே அடங்கும். பிறகு, முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்காவது திரும்பிவிடும். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்தின் கடைசி ஊசிக்குப் பிறகு ஆறு மாதம் தாண்டி வந்தால் அதே குடும்பத்து மருந்தை மறுபடி கொடுப்பார்கள். அதற்குள் வந்தால் வேறு மருந்துகளை ஒவ்வொன்றாக முயல்வார்கள். இப்படிச் சிகிச்சை, இடைவெளி, சிகிச்சை என்று ஆண்டுகள் நகரும். இடைவெளிகள் போகப்போகக் குறுகும்.

இடைவெளிகளில் வீட்டை ஆள்வது சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை. 35க்குள் இருந்தால் இயல்பு என்பார்கள். முடிவு இப்போது கைபேசிக்கே வந்துவிடுகிறது. முதலில் திறந்து பார்ப்பவர் பெரும்பாலும் கணவர்தான். 12 இருந்தது 19 ஆகிறது, அடுத்த மாதம் 31. அந்த எண்ணை மனைவியிடம் சொல்வதா, அடுத்த சோதனைவரை பொறுப்பதா என்று இரவெல்லாம் புரள்கிறார்.

இந்த எண்ணைத் துரத்துவதால் என்ன லாபம் என்று பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து நடத்திய ஒரு சோதனை 2010இல் 'லான்செட்' இதழில் வெளியானது. முதல் சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருந்த பெண்களில், இந்த அளவு உயர் வரம்பைப்போல் இருமடங்கைத் தாண்டிய 529 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எண் ஏறியதுமே கீமோ. மற்றவர்களுக்கு எண்ணையே தெரிவிக்காமல், உடம்பில் அறிகுறி தெரிந்தபின் கீமோ. முதல் பிரிவினர் ஏறக்குறைய ஐந்து மாதம் முன்னதாகச் சிகிச்சை தொடங்கினார்கள். ஆயுளில் வேறுபாடு இல்லை. மாறாக, அவர்களின் வாழ்க்கைத் தரம்தான் முன்னதாகச் சரிந்தது. அதன்பிறகு புதிய மருந்துகள் வந்துவிட்டன, பொருத்தமான சிலருக்கு இரண்டாம் அறுவை சிகிச்சையும் பயன்படுகிறது. அதனால் சோதனையே வேண்டாமென்று எல்லா மருத்துவர்களும் சொல்வதில்லை. என் கவலை வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணைப் பார்க்க வேண்டுமா என்று அந்தப் பெண்ணிடம் பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. அவள் ரத்தம், அவள் எண்; ஒளித்துவைப்பது மட்டும் அவர் பொறுப்பு என்றாகிவிடுகிறது.

சிகிச்சை மறுபடி தொடங்கியதும் வீட்டுக்கு ஒரு மூன்று வாரக் கடிகாரம் வந்துவிடும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் ஸ்டீராய்டின் வேகத்தில் அவள் சுறுசுறுப்பாக இருப்பாள், தூங்கமாட்டாள், நள்ளிரவில் அலமாரியை அடுக்குவாள். 'இந்த முறை பரவாயில்லையே' என்று உறவினர்களுக்குத் தகவல் போகும். மூன்றாம் நாள் உடம்பு சாயும். கால் எலும்புகள் குடையும். வாந்திக்கு ஊசியோடு மருந்து கொடுத்திருந்தாலும் பிந்திவரும் குமட்டல் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை இருக்கும். தாளிக்கும் கடுகின் வாசனையே அதைக் கிளப்பிவிடும். வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும். அதற்கும் மருந்து முன்கூட்டியே வேண்டும் என்பது பலருக்கு இரண்டாம் சுற்றில்தான் தெரியவருகிறது.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை உள்ளதுதான் ஆபத்தான வாரம். வார்டு மொழியில் 'கவுண்ட் இறங்கியிருக்கும்'. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசர நிலை. அந்த இரவில் கணவன் சொல்லக்கூடிய மிக ஆபத்தான வாக்கியம், 'ஒரு பாரசிட்டமால் போட்டுட்டுப் படு, காலையில பார்த்துக்கலாம்'. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமி ரத்தத்தில் பெருகும். வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை. வேலை செய்யும் வெப்பமானி, இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண், விடியற்காலை இரண்டு மணிக்கும் வரச் சம்மதித்த ஆட்டோக்காரர். இந்த மூன்றையும் முன்பே ஏற்பாடு செய்துவைத்த கணவன், தைரியம் சொல்லும் கணவனைவிடப் பல மடங்கு உதவுகிறான்.

இரண்டாம் முறைக்கென்றே சில பக்கவிளைவுகள் உண்டு. முதல் ஆறு சுற்றிலும் ஒன்றும் செய்யாத கார்போபிளாட்டின், திரும்பத் தொடங்கியபின் ஒவ்வாமையைக் கிளப்பலாம். மொத்தக் கணக்கில் ஏழு, எட்டு ஊசிகளைத் தாண்டும்போது இது அதிகம். மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் உள்ளங்கை அரிக்கும், முகம் சிவக்கும், பிறகு மூச்சு முட்டலாம். 'போன தடவை நல்லாத்தானே ஏறுச்சு' என்ற நினைப்பில் வெளியே டீ குடிக்கப் போகிற நேரம் அதுவல்ல. உள்ளங்கையைச் சொறிகிறாள் என்று கண்டதும் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

பிளாட்டினம் பயன்படாத கட்டத்தில் அடிக்கடி கொடுக்கப்படும் லைப்போசோம் வகை டாக்சோரூபிசின் முடியை அவ்வளவாக உதிர்ப்பதில்லை. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பிடிக்கிறது. தோல் சிவந்து, எரிந்து, உரிகிறது. சூடும் உராய்வும் இதை மோசமாக்கும். நம் வீடுகளில் உடம்பு நொந்தவளுக்கு அன்போடு செய்வதெல்லாம் சூடும் உராய்வும்தான்: வெந்நீர்க் குளியல், எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம். ஊசி போட்ட முதல் சில நாட்களில் இவை வேண்டாம். இறுக்கமான வளையலும் மெட்டியும்கூடக் கழற்றிவைக்க வேண்டியவை. மெட்டி என்றால் மாமியார் முகம் சுளிக்கலாம். அவரிடம் பேசுவதும் கணவனின் வேலைதான்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பாக்லிடாக்செல் தரும் நரம்புச் சேதம் வெளியே தெரியாது. விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போகும். ரவிக்கையின் கொக்கி அகப்படாது, கோலமாவு விரலிடுக்கில் நிற்காது, செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்திருப்பாள், சுடு பாத்திரத்தைத் தொட்டது கொப்புளம் வந்தபின்தான் தெரியும். இந்தச் சேதம் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போவது. உரிய நேரத்தில் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெருமளவு தடுக்கலாம். விட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் தங்கலாம். வந்தபின் கொடுக்க வலுவான சான்றுள்ள மருந்து டுலாக்செட்டின் ஒன்றுதான், அதுவும் வலிக்குத்தான் உதவுகிறது. பெண்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள், நோய் பெருகிவிடும் என்ற பயம். அதனால் மருத்துவர் 'எப்படி இருக்கீங்க?' என்றால், 'நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்'. வெளியே இருநூறு பேர் காத்திருக்கும் மருத்துவமனையில் அந்தப் பதிலோடு அடுத்த சீட்டு கூப்பிடப்படுகிறது.

இங்கேதான் அந்த ஆயுள் கணக்கு வருகிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை ஈதன் பாஷ் என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்தது. நுரையீரல், மார்பகம், சிறுநீர்ப்பாதை, பெண் இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றில் புற்றுநோய் கண்டவர்கள் அவர்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போல் மருத்துவரைப் பார்க்கும்போது சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற பன்னிரண்டு தொல்லைகளின் அளவைக் கணினியில் பதிந்தார்கள். நிலைமை மோசமானால் நர்ஸுக்குச் செய்தி போகும், அவர் கூப்பிட்டு மருந்தை மாற்றுவார். அவ்வளவுதான் வித்தியாசம். 2017இல் வந்த முடிவின்படி, வழக்கமான பிரிவில் இடைநிலை ஆயுள் 26 மாதம், பதிந்தவர்களுக்கு 31.2 மாதம். ஐந்து மாதத்துக்கு மேல். ஒரு புதிய மருந்து இதைச் சாதித்திருந்தால் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்திருக்கும், விலையும் லட்சங்களில் இருந்திருக்கும்.

ஒரே மருத்துவமனை, அதுவும் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனை என்பதை மறக்க வேண்டியதில்லை. காரணம் மட்டும் எந்த ஊருக்கும் பொருந்துவதுதான். தொல்லை முற்றுமுன் கவனித்தால் அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறைகிறது, உடம்பு தாங்குகிறது, சிகிச்சையை நீண்டநாள் தொடர முடிகிறது. சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தார்களே, சொன்னவர்கள்தான் அதிக நாள் கீமோ எடுத்துக்கொண்டார்கள்.

கணினியும் கூப்பிடும் நர்ஸும் இல்லாத இடத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பலாம். காய்ச்சல் எவ்வளவு, எத்தனை முறை வாந்தி, மலம் போனதா, எத்தனை இட்லி இறங்கியது. 'ரொம்ப சோர்வா இருக்கா' என்பதால் மருத்துவருக்குப் பயனில்லை. 'போன வாரம் மாடி ஏறினா, இப்ப பாத்ரூமுக்கே சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போறா' என்பதில் செய்தி இருக்கிறது. 'ரெண்டு நாளா காத்தே பிரியல, வயிறு கல்லு மாதிரி இருக்கு' என்று சொல்லக் கூச்சப்பட்டால் குடலடைப்பு தவறிப்போகலாம். திரும்பிய சினைப்பைப் புற்றுநோயில் அடிக்கடி வரும் ஆபத்து அது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் மருத்துவமனைகளில் நோயாளியைக் கேட்டால் அட்டெண்டர் பதில் சொல்வது வழக்கம். மனைவி நாற்காலியில், கணவன் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருப்பார். அவள் முதலில் பேச வேண்டும். விடுபட்டதை அவர் நோட்டைப் பார்த்துச் சேர்க்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் நோயாளியின் வேதனையைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று இவ்விருவரின் பதில்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. அவள் வலியோடு அவர் பயமும் கலந்துவிடுகிறது.

மருத்துவரிடம் சொல்வதைவிடக் கடினம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. ரிப்போர்ட்டோடு தனியாக உள்ளே நுழைந்து 'அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டா' என்று கெஞ்சாத கணவர்கள் குறைவு. அதே நேரத்தில் மனைவி வலியைப் பல்லைக் கடித்து மறைக்கிறாள், 'பாவம், அவர் ஏற்கெனவே தூங்குறதில்லை'. மாரடைப்பு வந்தவர்களின் வீடுகளில் இந்த இருதரப்பு ஒளிப்பை ஜேம்ஸ் காயினும் டேவிட் ஸ்மித்தும் 1991இல் ஆராய்ந்தார்கள். கணவனைக் காப்பதற்காகத் தன் கவலையை விழுங்கிய மனைவியின் மனத்துயர் அதிகமாகவே இருந்தது. புற்றுநோய்த் தம்பதிகளைப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையே கண்டார்கள். ஒளிப்பதற்கு விலை உண்டு, ஒளிப்பவரே கட்டுகிறார்.

அவளுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பொய். மறுபடி கீமோ என்றதும் பாதி தெரிந்துவிடுகிறது, மைத்துனர் குரலைத் தாழ்த்தியதும் மீதி. வலிதணிப்பு மருத்துவர்கள் இங்கே ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். செய்தியை எடுத்துப் போடுவதற்கு முன் நோயாளியிடமே கேட்கிறார்கள்: 'உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?' 'எதுவும் வேணாம், எல்லாம் அவர்கிட்டயே சொல்லுங்க' என்று அவளே சொன்னால் அது அவளுடைய முடிவு. அவளைக் கேட்காமல் அந்த முடிவை வேறொருவர் எடுத்துவிடுவதுதான் தவறு.

கணவர்களைப் பற்றியே இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மூளைக்கட்டி, பிற புற்றுநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்த 515 பேரின் மணவாழ்வைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. நோயாளி ஆணாக இருந்த இடத்தில் பிரிவோ மணமுறிவோ 2.9 சதவீதம். நோயாளி பெண்ணாக இருந்த இடத்தில் 20.8 சதவீதம். நீண்டநாள் மணவாழ்வு இருந்தவர்கள் அதிகம் பிரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் ஊரில் மணமுறிவு மனு அவ்வளவு எளிதாக வராது. இங்கே பிரிவு வேறு உருவத்தில் நடக்கிறது: 'அம்மா வீட்டுல இருந்தா நல்லாப் பார்த்துப்பாங்க' என்று கொண்டுவிட்டு வருவதாக. கூடவே இருக்கும் கணவர்களிலும் பலருக்குத் துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. நாலாம் நாள் குமட்டலோடு கட்டிலில் படுத்தபடி அவள்தான் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கணவனுக்கு நோய் வந்த வீட்டில் மனைவி செய்வதை யாரும் தனி வேலையாகப் பார்ப்பதில்லை, அது சமையலறையோடு சேர்ந்ததாகிவிட்டது.

உடலுறவைப் பற்றி வார்டில் யாரும் வாய் திறப்பதில்லை. சினைப்பைகளை எடுத்தபின் மாதவிடாய் ஒரே நாளில் நின்று, வறட்சியும் வலியும் வருகின்றன; களிம்புகளும் வழவழப்புத் திரவங்களும் உண்டு, கேட்டால்தான் எழுதித்தருவார்கள். அதைவிடச் சங்கடமானது, தொடவே கூடாது என்று எண்ணித் தனிக்கட்டில், தனித்தட்டு, தனி டம்ளர் வைப்பது. புற்றுநோய் ஒட்டாது. கீமோ முடிந்து இரண்டு நாள்போல வாந்தி, சிறுநீர், மலத்தைச் சுத்தம் செய்யும்போது கையுறை போட வேண்டும், கழிப்பறையில் இருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும், உறவின்போது ஆணுறை வேண்டும். அணைத்துக்கொள்ளத் தடையில்லை.

பராமரிப்பவரின் உடம்பு தனிக்கதை. வயதான தம்பதிகளை நான்கு ஆண்டு பின்தொடர்ந்து ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999இல் எழுதினார்கள்: துணையைப் பராமரித்து அதில் நைந்துபோனவர்கள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புச் சுமை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். பராமரித்தும் நையாதவர்களுக்கு அப்படி இல்லை. அதனால் அவர் தன் சர்க்கரை மாத்திரையை மறக்காமல் சாப்பிடுவதும் வாரத்தில் ஒரு பொழுது மைத்துனியை உட்காரவைத்துவிட்டு வெளியே போவதும் சுயநலமாகாது.

வலிதணிப்புச் சிகிச்சை என்றாலே 'கையை விரிச்சிட்டாங்க' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2010இல் வெளியான ஆய்வொன்றில் ஜெனிஃபர் டெமல் குழு, பரவிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரில் பாதிப்பேருக்கு, கண்டறிந்த கையோடு வழக்கமான சிகிச்சையுடன் இதையும் சேர்த்துக் கொடுத்தது. அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, கடைசிக்கட்டத் தீவிர சிகிச்சையும் குறைந்தது. இடைநிலை ஆயுள் மட்டும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. மார்ஃபின் கிடைக்காமல் வைத்திருந்த 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் 2014இல் திருத்தப்பட்டுவிட்டது. கேரளம் 2008இலேயே வலிதணிப்புக்கென ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீட்டுக்கே வந்து செய்யும் வலிதணிப்பையும் தன் பணிகளில் சேர்த்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கலாம். வலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு கேள்வி வந்தே தீரும்: இன்னொரு மருந்தா, போதுமா? பிளாட்டினத்துக்கு அடங்காத நோயில் அடுத்தடுத்த மருந்துகளுக்குக் கட்டி சுருங்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், பக்கவிளைவு குறையாது. 'எதையும் விட்டுவைக்கலன்னு இருக்கணும்' என்று கணவன் நினைக்கிறான். 'அவருக்காக இன்னும் ஒண்ணு போட்டுக்கிறேன்' என்று மனைவி நினைக்கிறாள். இருவரும் வாய்விட்டுப் பேசாததால் இருவருக்குமே வேண்டாத கீமோ ஒன்று ஏறிக்கொண்டிருக்கும்.

அலெக்சி ரைட் குழு அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகள் 332 பேரையும் அவர்களின் பராமரிப்பாளர்களையும் பின்தொடர்ந்து 2008இல் எழுதியது. முடிவைப் பற்றி மருத்துவரோடு பேசியதாகச் சொன்னவர்கள் 37 சதவீதம் பேர். அப்படிப் பேசியதால் அவர்கள் மனமொடிந்து போகவில்லை. கடைசி வாரத்தில் மூச்சுக்கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அவர்களுக்குக் குறைவாகவே வந்தன. ஆறு மாதம் கழித்து வீட்டில் இருந்தவர்களைப் போய்ப் பார்த்தார்கள். கடைசி நாட்களில் கருவிகளுக்கு நடுவே நோயாளியை இழந்தவர்களிடம்தான் கடும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.